கூடாரத்துக்கு வெளியே கால்

14 டிசம்பர் 1968, சனி

கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போக, நானும் நண்பன் டேனியலும் இன்று பல்லாவரத்தில் கூடாரம் பார்த்தோம். எடை குறைந்தது ஒன்றுதான் இருந்தது. கடை வாசலிலேயே விரித்துப் படுத்தேன். முழங்காலுக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"உங்க ஒசரத்துக்கு மிலிட்டரி கூடாரம்தான் சார்" என்றார் கடைக்காரர். அதைத் தூக்கி வைத்ததும் கேரியர் வளைந்துவிட்டது.

டேனியல் தயங்கித் தயங்கிச் சொன்னான். "மச்சான், தப்பா நினைக்காதே. எங்க ஆபீஸ் ஜேக்கப்பும் வரேன்றான். அவன் சின்னதுல அடங்கிடுவான்."

ஒரு வருஷமாக வழி குறித்து வைத்தவன் நான். சரியென்று சொல்லி, மேப்பையும் அவனிடமே கொடுத்தேன். யார்மேல் கோபப்படுவது? என் கால்மேலா? திங்கட்கிழமை விடிகாலை தாம்பரம் ஸ்டேஷன் எதிரே வழியனுப்ப வரச் சொல்லியிருக்கிறான். போகாமலும் இருக்க முடியாது.