மூன்றாம் ஓலை

அன்புள்ள அக்கா,

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். சித்தப்பாவின் பக்கத்து வீட்டு கிளாரா அக்கா பெயருக்கு அனுப்புகிறேன், அவர் இதை உன் கையில் சேர்ப்பார்.

திண்டுக்கல்லில் இன்று மாதா கோயில் ஞாயிறு பூசையில் சாமியார் உன் கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்றாம் முறையாக வாசித்தார். "தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்றதும் நான் எழுந்து நின்றேன்.

"அக்காவுக்குச் சம்மதம் இல்ல சாமி. தங்கச்சிமடத்துல சித்தப்பா வீட்டுல அடச்சு வச்சிருக்காங்க."

"ஏய், உக்காருடி!" ஆண்கள் பக்கமிருந்து அப்பா கத்தினார். அத்தை என் சடையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. பெண்ணே நேரில் வந்து சம்மதம் சொல்லாமல் கல்யாணம் நடக்காது என்று சாமியார் சொல்லிவிட்டார்.

அதனால் அப்பா உன்னை அழைத்துவர சனிக்கிழமை அங்கே வருகிறார். நீ வெள்ளிக்கிழமையே கிளம்பிவிடு, கொல்லைக் கதவை கிளாரா அக்கா திறந்துவிடுவார். பஸ் ஏறாதே, தீவுப் பாலத்தில் சித்தப்பாவின் ஆட்கள் நிற்பார்கள். நீ கட்டிக்கொள்ள நினைக்கும் ரொனால்டு அண்ணனின் படகிலேயே நீங்கள் இரண்டு பேரும் அக்கரையில் மண்டபம் ஊருக்குப் போய்விடுங்கள். பள்ளி வரைபடத்தில் பார்த்தேன், தீவுக்கும் கரைக்கும் நடுவே கடல் என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. உனக்கு இருபத்துமூன்று வயது. யார் கேட்டாலும் திட்டம் தங்கையுடையது என்று சொல். நான் பயப்படமாட்டேன்.

அம்மா பின்னால் நின்று இதை முழுவதும் படித்துவிட்டாள். நான் தாளை மறைக்கவில்லை.

"அவளுக்கு நீச்சல் தெரியாதுடி. படகுல நடுவுல உக்காரச் சொல்லு" என்றாள். பிறகு, "அப்பா வாராரு, சீக்கிரம் முடி" என்றாள்.

இந்த வரி கோணலாக இருக்கும். அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.

உன் தங்கை