மகள் கைவிட்ட தாய் என்று நான் எழுதியது

அக்கா,

நீங்கள் போன பிறகு உங்கள் பீரோவைக் காலி செய்தபோது சேலைகளுக்கு அடியில் அந்த டிஜிட்டல் கேமரா கிடைத்தது. மூடி உடைந்து, ரப்பர் பேண்ட் சுற்றியபடி. தொலைந்துபோனது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நீங்கள்தான் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். எதற்கென்று எனக்குத் தெரியும்.

புத்தி பேதலித்து, கோயில் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் விடப்பட்ட பெண்களுக்காக நீங்கள் நடத்திய இல்லத்தில், கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்த உங்களுக்கு ஊசி போடவும் சிக்குப் பிடித்த தலையை வாரிவிடவும் தெரியும். உதவி கேட்கத் தெரியாது. நாம் செய்வதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று நச்சரித்து, மாதாமாதம் ஈமெயில் அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கியவள் நான். மூங்கில் மண்டபம் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒரு படம் ஏறி முடிவதற்குள் உயிர் போய்விடும். முதல் மடல்களுக்குப் பதிலே வரவில்லை. அரிசி, மருந்து, பாய் என்று பட்டியல் போட்டால் யார் படிப்பார்கள்? ஒரு மனுஷியின் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது.

அப்படித்தான் அந்தம்மாவை எழுதினேன். அதற்குப் பத்து வருடம் முன்பு கோயில் குளத்தருகே நீங்கள் கண்டு அழைத்துவந்தவர். யார் வந்தாலும் "சாப்ட்டியா?" என்றுதான் கேட்பார். எப்போதாவது தன் பெயரும் ஊரும், ஒரு மகள் இருப்பதும் வாயில் வரும். அந்தக் கேமராவில்தான் படம் எடுத்தேன். பெயர், ஊர் எல்லாம் போட்டேன். "பெற்ற மகளே கைவிட்ட தாய்" என்று தலைப்பு வைத்தேன்.

படித்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: "மக உட்டுட்டுப் போனான்னு உனுக்கு எப்டிமா தெரியும்?"

"மக இருக்கான்னு அந்தம்மாவே சொல்றாங்களேக்கா. இப்டிப் போட்டாத்தான் படிப்பாங்க."

அந்த வாரம் மருந்து அலமாரி காலியாக இருந்தது. "சரி, அனுப்பு" என்றீர்கள்.

பதில்கள் குவிந்தன. சிங்கப்பூரிலிருந்துகூட. மருந்து வந்தது. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த மகள் வந்தாள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் மடித்த தாள். எங்கள் மடல்தான். யாரோ யாருக்கோ அனுப்பி, கடைசியில் அவள் புகுந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"எங்க தாய்மாமாதான்கா அம்மாவ இட்டாந்து உட்டுட்டுப் போயிருக்காரு. எனக்கு அப்போ பத்து வயசு. அம்மா செத்துட்டாங்கன்னுதான் என்கிட்ட சொன்னாங்க. இப்போ, பெத்தவளையே தெருவுல உட்டவ எங்களுக்கு வாணாம்னு தொரத்திட்டாங்க. நான் உட்டேன்னு யாருக்கா சொன்னது?"

"நாங்கதாம்மா சொன்னோம். தப்பா சொல்லிட்டோம்" என்றீர்கள் நீங்கள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

உள்ளே அழைத்துப் போனீர்கள். அந்தம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தார். "யாருமா நீ? சாப்ட்டியா?" என்றார்.

அவள் அழுததை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்.

அன்றே என்னை உட்கார வைத்தீர்கள். "நாங்க எழுதுனது பொய்யின்னு எழுதுமா."

"உதவி பண்றவங்க எல்லாரும் போயிடுவாங்கக்கா."

"போவட்டும்."

பலர் போய்விட்டார்கள். அவள் புகுந்த வீட்டுக்கு இரண்டு முறை போனோம், படியேற விடவில்லை. அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ஞாயிறுதோறும் வந்து அம்மாவுக்கு ஊட்டிவிட்டாள். தன் மகள் என்று தெரியாமலேயே அந்தம்மா போய்ச் சேர்ந்தார். ஞாயிறு வருவதை மகள் நிறுத்தவில்லை. மற்றவர்களுக்குத் தலை வாரிவிடுகிறாள்.

அதற்குப் பிறகு, எழுதப்பட்டவருக்கு வாசித்துக் காட்டாமல் ஒரு வரியும் நாம் அனுப்பவில்லை. கேட்டுப் புரிந்துகொள்ள முடியாதவர்களின் படமோ பெயரோ போடவில்லை. சிறிய மடல்கள்தான். இன்றைக்கு இன்னார் தானாகக் குளித்தார் என்பது போல. போகாமல் இருந்த சிலர் அதையும் படித்தார்கள், இன்றுவரை படிக்கிறார்கள்.

இப்போது அவர்கள்தான் உங்களைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். எழுதினால் இந்தக் கதையை விட்டுவிட முடியாது. போன ஞாயிறு அந்த மகளிடம் கேட்டேன். சீப்பை நிறுத்தாமலே சொன்னாள்: "எழுதுக்கா. எங்க பேரு மட்டும் வாணாம்."

இரண்டு பெயரும் எனக்குத் தெரியும். எழுதவில்லை. வரும் ஞாயிறு இதை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். கேட்டுவிட்டு வேண்டாம் என்றால், இது உங்களோடும் என்னோடும் இருந்துவிடட்டும்.