எதிர்க் கதிரை

புதன், இரவு.

குடியை விட நினைப்பவர்கள் துறைமுகத்தடி வாசிகசாலையில் கூடுகிறார்கள் என்று விசாரித்தறிந்து, இன்று முதன்முதலாகப் போனேன். எதிர்க் கதிரையில் ரவி. நான் குடிப்பதாக முதலாளியிடம் சொல்லி, படகில் என் இடத்தைப் பிடித்தவன்.

அவன் எழுந்து சொன்னான்: "போன கிழமை வரைக்கும் நானும் குடிச்சுப்போட்டுத்தான் கடலுக்குப் போனனான். முதலாளிக்குத் தெரியாது."

முதலாளி வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். ஆனால் கூட்டத்தில் கேட்டதை வெளியில் கதைப்பதில்லை என்று தொடக்கத்திலேயே எல்லோரோடும் சேர்ந்து சத்தியம் செய்துவிட்டேன்.

வாசலில் ரவி கேட்டான், "அடுத்த புதனும் வருவியளோ, அண்ணை?"

"ஓம்" என்றேன்.

ஒவ்வொரு புதனும் அவனுக்கு நேரே இருப்பேன். அவன் மறுபடி குடித்து விழுவதைத் தெளிந்த கண்ணோடு பார்க்க வேண்டும். அதுவரை ஒரு சொட்டும் தொடமாட்டேன்.