உன் தொலைபேசிக்கு வந்த கோட்

கோட் வரவில்லை.

அக்கரைப்பற்றில் புதிய கணக்காளரின் அறை. குளிரூட்டியின் இரைச்சல். என் வரிக் கணக்கைத் திறக்கும் ஆறு இலக்கங்கள் தொலைபேசிக்கு வர வேண்டும். என் தொலைபேசி மேசையில் இருட்டாகக் கிடந்தது.

"அனுப்பியாச்சு எண்டு காட்டுதே," என்றார் அவர். "கடைசி ரெண்டு இலக்கம் எழுபத்தொண்டு. உங்கட நம்பர்தானே?"

உன்னுடையது.

நீ மௌத்தாகி இரண்டு மாதம். அந்த நிமிடம் சாய்ந்தமருதில், உன் வீட்டில் எங்கோ, உன் தொலைபேசி ஒளிர்ந்திருக்கும். உன் மரணச் செய்தி அப்போதுதான் எனக்கு வந்தது போல இருந்தது.

நீ மௌத்தான அன்று நான் உறங்கிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு ஆட்களுக்கு இணையத்தளம் வடிவமைப்பவன். அவர்களுடைய பகல் என் இரவு. விடிந்ததும் தொலைபேசியை மௌனமாக்கிவிட்டுப் படுத்தேன். வீட்டில் யாருமில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவிப்பில் உன் பெயரைச் சொன்னார்களாம். மாரடைப்பு. முப்பது வயதுகூட ஆகவில்லை. பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நான் எழும்பியது பொழுதுபட்டு, மஃரிபுக்கு. மையவாடியில் ஈர மண் மட்டும் இருந்தது. உன் முகத்தைப் பார்க்கவில்லை.

பார்க்காததால் நம்பவுமில்லை.

ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்றாகப் படித்தோம். நீ கணக்காளன் ஆனாய். வங்கியில் ஒருநாள், "இந்தக் காசு எங்கேருந்து வருது தம்பி?" என்று என்னைக் கேட்டார்கள். நேரே உன்னிடம் ஓடி வந்தேன், கல்முனையில் மருந்துக்கடைக்கு மேலே இருந்த உன் அறைக்கு.

"கணக்காளர் எண்டா கம்பனிக்குத்தானேடா? நான் ஒரு ஆள், ஒரு லெப்டொப்."

"கம்பனிக்குக் கொம்பா முளைச்சிரிக்கி? நீதான் முதலாளி, நீதான் பியோன். அந்த முதலாளிக்கிட்டச் சொல்லு, பியோனக் கொஞ்சம் படுக்க விடச் சொல்லி."

வரிக் கணக்குப் பதிவுப் பக்கத்தில் தொலைபேசி எண் கேட்டது. என்னைக் கேட்காமலே உன்னுடையதை அடித்தாய்.

"உன்ட நம்பரப் போட்டா நீ பகல்ல குறட்டை விட்டுக் கிடப்பாய். கோட்டுக்கு ரெண்டு நிமிசந்தான் உசிரு. நான் முழிச்சிரிக்கன் மச்சான், நீ படு."

எண்ணை மாற்றுங்கள் என்றார் புதிய கணக்காளர். மாற்றுவதற்கும் பழைய எண்ணுக்குத்தான் கோட் போகும். வரி விபரம் கொடுக்க இறுதி நாள் மறுநாள். தவறினால் தண்டம்.

உன் மனைவி இத்தாவில், கணவனை இழந்தபின் வீட்டுக்குள் இருக்கும் நாட்களில். வெளி ஆண்கள் முன் வரமாட்டார். நான் போய்க் கேட்க முடியாது. என் ராத்தாவைக் கெஞ்சினேன். கூடப்பிறந்த அக்கா, மறுக்கவில்லை.

மறுநாள் ராத்தா உன் வீட்டில், நான் கணக்காளரின் மேசைக்கு முன்னால். அழைப்பில் இருந்தோம். கணக்காளர் பொத்தானை அழுத்தினார். அந்தப் பக்கம் உன் தொலைபேசி ஒலித்தது எனக்குக் கேட்டது. உன் பழைய மணியோசை. கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்துட்டு," என்று ராத்தா இலக்கங்களை வாசித்தார். கணக்குத் திறந்தது. பிறகு ராத்தாவின் குரல் மாறியது.

"தம்பி, உனக்கு மட்டுமில்லயாம்டா. இன்னும் அஞ்சாறு பேர்ட கோட் இந்தப் போனுக்குத்தானாம். எல்லாம் உன்னப் போல பகல்ல படுக்கிற ஆக்கள். ஆரும் கேட்டு வந்தா போன் செத்துக் கிடக்கப்படாதெண்டு அவன்ட பொஞ்சாதிப் புள்ள ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட்டு வெச்சிரிக்கி."

திரையில் எண்ணை மாற்றும் பக்கம் வந்தது.

"ஆர்ட நம்பரப் போட?" கணக்காளர் காத்திருந்தார். "என்டதப் போடவா? நீங்க பகல்ல படுக்கிற ஆளெண்டீங்க."

"இல்ல. என்ட நம்பர்."

என் தொலைபேசி ஒளிர்ந்தது. உன் வீட்டில் இனி எனக்காக எதுவும் ஒளிராது.

இப்போது பகலில் படுக்கும்போது தொலைபேசியை நான் மௌனமாக்குவதில்லை. விளம்பரம், தவறான அழைப்பு, எதற்கும் திடுக்கிட்டு எழும்புகிறேன். எழும்பியதும் உடனே திரையைப் பார்ப்பதில்லை. பள்ளி ஒலிபெருக்கியில் யாருடைய பெயரையாவது சொல்கிறார்களா என்று, மூச்சை அடக்கி, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.