மாத்திரை பேத்திக்கு, பத்தியம் எனக்கு

5 ஜூலை 2004
கயல்விழியை இன்றும் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். ஓரிடத்தில் உட்காரவில்லையாம், கணக்கைப் பாதியில் விட்டாளாம். காலாண்டுக்குள் சரியாகாவிட்டால் சர்டிபிகேட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். என் பேத்தி மக்கு இல்லை. மருமகள் ரெத்தினத்தின் மன்னார்குடி ரத்தம், வேறென்ன?

11 ஜூலை
திருக்காட்டுப்பள்ளியில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். வீடு வருவதற்குள் தொலைத்துவிட்டாள்.

20 ஜூலை
டீச்சர் சொல்லி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்னப் பெண். "இது திமிரும் இல்ல, வளர்ப்பும் இல்ல பாட்டி. கவனம் நிக்காத ஒரு குறை. மருந்து இருக்கு. குடும்பத்துல வேற யாராவது இப்படி உண்டா?"

மன்னார்குடிக்காரர்களைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர்களோடு நான் என்றைக்குக் குடியிருந்தேன்? தெரிந்ததைச் சொன்னேன். மகன் பஞ்சநதம் மடையை அடைக்க மறந்து நாற்றங்காலை அழுகவிட்டது. எங்க வீட்டுக்காரர், சர்க்கார் குத்தகைக்காரர்கள் பேரைப் பதிந்த வருஷம், தாலுக்கா ஆபீஸுக்குப் போகிற வழியில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்க நின்றது. எங்கள் பேர் பதியவில்லை. மிராசுதார் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார். மறப்பேனா?

டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். "அப்ப, அப்பா வழி."

ரெத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகை இல்லை அது.

காலையில் ஒரு மாத்திரை. வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும், முடித்ததும் பாராட்டவேண்டும். "பழசக் கிளறக்கூடாது பாட்டி." யாரிடம் சொல்கிறாள்!

21 ஜூலை
பழசைப் பேசாமல் என்னத்தைப் பேசுவது? பகல் முழுக்கச் சும்மா இருந்தேன். உடம்புக்கு என்ன என்று மகன் கேட்கிறான்.

14 ஆகஸ்ட்
மாத்திரையால் பசி குறைந்திருந்தது. டாக்டரம்மா அளவை மாற்றிக் கொடுத்தாள், இப்போது பிள்ளை சாப்பிடுகிறாள். ஒரு பக்கம் முழுக்க எழுதுகிறாள்.

இன்று தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தாள். "தாத்தா புத்தி!" — வாயில் வந்துவிட்டது.

"நானும் நெலத்தத் தொலச்சிருவேனா அப்பாயி?"

பாவி, ஒனக்கு ஏன்டி இந்த வாயி என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒம்பது வயசுப் புள்ள.

4 அக்டோபர்
காலாண்டில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியிருக்கிறாள். மார்க் சுமார்தான். சர்டிபிகேட் பேச்சை டீச்சர் எடுக்கவே இல்லை.

"முழுசா எழுதிட்டியே கண்ணு" என்றேன். பஞ்சநதம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "என்னைய ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லையேம்மா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

யோசித்தேன். அவன் கெடுத்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றன. முடித்தது ஒன்றைத் தேடத்தான் நேரமாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிற நாளை அவன் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

சொன்னேன்.