ஐந்தாவது மன்றாட்டு

ஜூன் 6, வியாழன்

ஊருக்கே இருமல். மருந்துக்கடையில் காலையிலிருந்து உட்காரவே முடியவில்லை, கால் வீங்கிவிட்டது. முதலாளி மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. அவருக்கு இருமல் வந்தால்தான் தெரியும்.

மதியம் ஊசி வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒல்லிக்குச்சியாக இருந்தாள் என்று நான் வைத்த பெயர். பிற்பாடு தையல் வேலைக்கே போய் அந்தப் பெயரைக் காப்பாற்றிவிட்டாள். ஃபோலிக் ஆசிட் மாத்திரை கேட்டாள். பிள்ளை உண்டானவர்கள் சாப்பிடுவது. யாருக்குடி, இந்த வயசிலா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மகள் வந்துவிட்டாளாம், போன வாரம். புருஷன் அறைந்ததில் இடது காது சரியாகக் கேட்கவில்லையாம். கல்யாணத்தன்று அந்தப் பையன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான், நானும் மெய்மறந்து ஆசீர்வதித்தேன். இப்போது தினமும் போன் செய்கிறானாம். மகள் இங்கே வரவில்லை என்று ஊசி சாதிக்கிறாள். வயிற்றில் இருப்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் பிள்ளையைச் சாக்காக வைத்தே இழுத்துக்கொண்டு போய்விடுவான் என்று நடுங்குகிறாள்.

"ஃபாதர்கிட்டகூடச் சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன். வேண்டிக்கோ" என்றாள்.

மாத்திரையைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தேன். யார் என்ன மருந்து வாங்கினார்கள் என்பது இதுவரை என் வாயிலிருந்து வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. "உன் வாய்க்குக் கடையில பூட்டு, கோவில்ல சாவி" என்று வீட்டில் அவர் கிண்டல் செய்வார்.

ஜூன் 8, சனி

நாளைய பூசையில் எல்லார் சார்பிலும் நான் மைக்கில் வாசிக்க வேண்டிய மன்றாட்டுகளை எழுதினேன். திருச்சபைக்காக, நாட்டை ஆள்பவர்களுக்காக, நோயாளிகளுக்காக, இறந்தவர்களுக்காக. நாலும் முடிந்தது. படித்துப் பார்த்தால் உப்புச்சப்பில்லை. போன மாதம் நான் எழுதியதை ஃபாதர் அறிவிப்பு நேரத்தில் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அதற்கப்புறம் இப்படி ஒன்றைக் கொண்டுபோய் வாசித்தால் என்ன நினைப்பார்கள்?

ஐந்தாவதாக ஒன்று சேர்த்தேன். 'இல்லறத்தில் அடிபட்டு, கருவில் வளரும் சிசுவோடு தாய்வீடு திரும்பியிருக்கும் எங்கள் இளம் சகோதரிக்காக…' எழுதும்போதே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஊசி வேண்டிக்கச் சொன்னாள், வேண்டுகிறேன். பெயர் எழுதவில்லையே. ஆண்டவரிடம்தானே சொல்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

எப்படி எழுதுவது.

நாலு மன்றாட்டும் வழக்கம்போல் போனது. ஐந்தாவதை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். 'எங்கள் இளம் சகோதரிக்காக' என்ற இடத்தில் என் கண் தானாகப் போனது, தூணுக்குப் பின்னால். அங்கேதான் ஊசியும் மகளும் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் கண் போன இடத்துக்கு முன்வரிசைத் தலைகளும் திரும்பின. முன்வரிசை திரும்பினால் பின்வரிசை சும்மா இருக்குமா?

'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று எல்லாரும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் எழுந்து வெளியே போனாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, கேட்காத காதைக் கையால் மூடிக்கொண்டு. ஊசி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

பூசை முடிந்ததும், எங்கள் பெண்கள் சங்கமான மாதா சபையின் தலைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உருகிவிட்டதாம். யார், அந்தத் தையற்காரி மகளா என்று காதோடு கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. கண்ணை மூடி, மெதுவாகத் தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை என்று வீடு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். சீ.

ஜூன் 10, திங்கள்

ஊசி போனை எடுக்கவில்லை.

ஜூன் 12, புதன்

கடை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது, வாயில் குண்டூசி. அதை எடுத்துவிட்டுப் பேசக்கூட அவளுக்கு மனம் இல்லை, பல்லிடுக்கிலேயே சொன்னாள்.

மாப்பிள்ளை பார்த்துவிட்டான். ஞாயிறு பூசை நேரலையில் போகிறதே, வெளியூரில் இருப்பவர்களுக்காக. பெண் இங்கேதான் வந்திருப்பாள் என்ற சந்தேகத்தில் முந்தின ஞாயிறும் இந்த ஞாயிறும் உட்கார்ந்து பார்த்தானாம். அவளைக் கேமராவில் காணோம். காணாவிட்டால் என்ன, அதுதான் நான் விலாவாரியாக வாசித்தேனே. திங்களன்றே போன் செய்து, என் பிள்ளையை எனக்குத் தெரியாமல் ஒளிக்கிறீர்களா என்று கத்தினானாம். வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

மன்னிச்சுடுடி என்றேன். பேரைச் சொல்லவில்லையே என்றும் சொன்னேன் – அதை ஏன் சொன்னேன்!

அப்போதுதான் குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள். "இனிமே எங்களுக்காக வேண்டிக்காத" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள்.

ஜூன் 13, வியாழன்

நேரலையை நானும் போட்டுப் பார்த்தேன். என் முகம் பெரிதாக வருகிறது. 'கருவில் வளரும்' என்ற இடத்தில் குரலை எப்படி இறக்குகிறேன்! நாடகக்காரி தோற்றாள். அந்த நிமிஷம் எனக்கு அந்தப் பெண் ஞாபகமே இல்லை, அதுதான் உண்மை. வாசிப்பு நன்றாக வருகிறது என்ற ஞாபகம்தான் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. இந்தக் கோவிலுக்கு வருகிற இத்தனை பேரில் அவள் என்னிடம்தான் சொன்னாள், உங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இதை எங்கே போய்ச் சொல்ல? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது தன் வாயால் தானே கெட்டது. நான் அடுத்தவளைக் கெடுத்தேன்.

செபமாலை எடுத்தால் முதல் மணியிலேயே அவர்கள் பெயர்தான் வாயில் வருகிறது. வேண்டாதே என்று சொன்னாளே. விழுங்கிக்கொண்டேன். செபம் சொல்லாமலே படுத்துவிட்டேன்.

ஜூன் 15, சனி

ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பிறர் விஷயத்தைப் பேசினேன் ஃபாதர் என்றேன். அவருக்கு ஜலதோஷம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே பரிகாரமாக மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினார். வெளியே வந்து முட்டி போட்டேன். இரண்டாவது மந்திரத்தில் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கடையில் நோயைச் சொல்லாமல் மாத்திரை கேட்பவர்களை நான் எத்தனை திட்டியிருக்கிறேன்!

திரும்பவும் போய் வரிசையில் நின்றேன். மாதா சபைத் தலைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரே நாளில் இரண்டு தடவை பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென்றால் என்ன பாவமாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார். போடட்டும்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டியதையும், குரலை இறக்கியதையும். ஃபாதர் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு, "நானும் அங்கதானேம்மா உட்கார்ந்திருந்தேன். நல்லா எழுதியிருக்காங்கன்னுதான் நினைச்சேன்" என்றார். அவர் குரலும் ஒரு மாதிரி இருந்தது. மன்றாட்டு எழுதுவதை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நாளைக்கு யாரைப் பற்றியும் கடவுளிடம்கூட எதுவும் சொல்ல வேண்டாம், சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்றார்.

சும்மா உட்காருவதா? எனக்கா?

ஜூன் 19, புதன்

அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில், முறை வந்துவிட்டது. தெருவில் உள்ள எங்கள் கோவில்காரர்கள் எல்லாரும் வந்து செபம் சொல்லி, பைபிள் படித்து, தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். பைபிள் மூடும் வரை பொறுத்தார்கள். அப்புறம் ஆரம்பித்தது. அந்தப் பெண் வீடு பூட்டியிருக்கிறதாமே, எங்கே போனார்கள், எத்தனை மாசம், மாப்பிள்ளை குடிப்பானா. எனக்குத் தெரியாது என்றேன்.

"வேண்டிக்கிறதுக்குத்தானே கேக்கறோம்" என்றார் மாதா சபைத் தலைவி.

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. போன வாரம் வரை அந்த வாக்கியத்தை நானும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுந்து போய் தேநீர் போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். ஒருவரும் சொல்லவில்லை, குடித்தார்கள்.

ஜூன் 21, வெள்ளி

கடைக்கு மடத்திலிருந்து சிஸ்டர் வந்தார். தலைவலி மாத்திரை, இருமல் மருந்து, அதோடு ஃபோலிக் ஆசிட். கன்னியர் மடத்தில் அது யாருக்கு? நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சுவரில் இருக்கும் குழந்தைப்பால் விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார். பையில் போட்டுக் கொடுத்தேன். மீதிச் சில்லறையோடு நன்றி சிஸ்டர் என்றேன்.

வீட்டில் அவரிடம்கூடச் சொல்லவில்லை. நாக்கு அரித்தது, அதுதான் உண்மை.

ஜூன் 23, ஞாயிறு

அவன் வந்தான்.

பூசை முடிந்து எல்லாரும் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நல்ல சட்டை, விரலில் செபமாலை மோதிரம். முதலில் மாதா சபைத் தலைவியிடம்தான் போய்க் கேட்டான். அவர் பாவம், இவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று என்னைக் கைகாட்டிவிட்டார். சுற்றி எல்லார் பேச்சும் நின்றுவிட்டது.

ஆன்ட்டி, வீடு பூட்டியிருக்கு, எங்கே இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றான். கண்ணில் தண்ணீர் வேறு. தப்பு செய்துவிட்டானாம், கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தானாம். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. ஒரு நொடி – ஒரே நொடி – சேர்த்து வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. எழுதவே கூசுகிறது. அந்தப் பெண்ணின் காது ஞாபகம் வந்தது.

எனக்குத் தெரியாது தம்பி என்றேன்.

"நீங்கதானே ஆன்ட்டி மைக்ல வேண்டிக்கிட்டீங்க? குழந்தை இருக்குன்னு சொன்னீங்களே?" இப்போது கண்ணில் தண்ணீர் இல்லை.

"அது யாரைப் பத்தியும் இல்ல, தம்பி. மன்றாட்டு உருக்கமா இருக்கணும்னு நானாதான் கட்டி எழுதினேன். எல்லாரும் பாராட்டணும்னு" என்றேன்.

எல்லாருக்கும் கேட்டது. கீபோர்டு வாசிக்கிற அண்ணன் சிரித்தார். யாரோ 'அடப்பாவமே' என்றார்கள். ஃபாதர் வாசலில் நின்றிருந்தார், தலையைக் குனிந்துகொண்டார். அவன் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தான், "பைத்தியம்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கோவில் படியில் நின்றுகொண்டு பொய். அதில் பாதி பொய்யும் இல்லை, அதுதான் இன்னும் எரிகிறது.

நடந்து வரும்போது, தியாகம் செய்துவிட்ட மாதிரி மனதுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் இன்னும் வெட்கமாகிவிட்டது. நீ வைத்த நெருப்பில் நீயே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பாராட்டு வேறு வேண்டுமா?

வீட்டில் அவருக்குச் செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. கிண்டல் செய்யவில்லை. சாப்பிடு என்றார்.

ஜூன் 30, ஞாயிறு

அவன் நாலைந்து நாள் தெருவில் சுற்றிவிட்டுப் போய்விட்டானாம். எனக்குக் 'கட்டுக்கதை அக்கா' என்று பெயர் வந்திருக்கிறது. பாடகர் குழுவின் உபயம். மன்றாட்டுகள் இனி அச்சடித்த புத்தகத்திலிருந்து வாசிக்கப்படும் என்று அறிவித்தார்கள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்த மாதிரியே இருந்தது.

ஜூலை 17, புதன்

ஊசி வீட்டில் விளக்கு எரிகிறது. அவள் மட்டும்தான் திரும்பியிருக்கிறாள். மகள் வேறு எங்கேயோ. என்னால் அந்தப் பெண் தன் அம்மா வீட்டில்கூட இருக்க முடியவில்லை. நான் என்ன பொய் சொல்லியும் அது திரும்பாது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஊசி இப்போது முதல் பூசைக்கு வருகிறாள். நான் இரண்டாம் பூசைக்குப் போகிறேன். அவளுக்கு என் முகத்தைக் காட்ட வேண்டாம்.

வார நாளில், யாரும் இல்லாதபோது, கோவிலில் போய்ச் சும்மா உட்காருகிறேன். ஆரம்பத்தில் பைத்தியம் பிடித்தது. பேசிப் பேசியே பழகிய வாய். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. அவர்கள் பெயர் வரும்போது விழுங்குவதுமில்லை, சொல்வதுமில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது.

அக்டோபர் 4, வெள்ளி

ஊசி கடைக்கு வந்தாள்! முட்டி வலிக்குக் களிம்பு. கடையில் இருக்கும் இன்னொரு பையனிடம் போகாமல் என் பக்கம்தான் வந்தாள். விலையைச் சொன்னேன். கொடுத்தாள். போகும்போது, "படியில நீ சொன்னதைச் சிஸ்டர் சொன்னாங்க" என்றாள். களிம்பை ராத்திரி தேய்க்கச் சொன்னேன்.

நவம்பர் 26, செவ்வாய்

தைக்கத் துணி கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அளவெடுக்கும்போது இடுப்பு பெருத்துவிட்டது என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஜனவரி 21, செவ்வாய்

தைத்ததை வாங்கப் போனேன். உட்காரச் சொன்னாள், கொக்கி மட்டும் பாக்கி. இரண்டு பேரும் மழை வராததைப் பற்றிப் பேசினோம். அப்போது அவள் போன் அடித்தது. எடுத்ததும் போனுக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் அழுகை, பூனைக்குட்டி மாதிரி. ஊசியின் முகம் மாறியது. போனைக் காதில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளறைக்குப் போகலாமா, கதவைச் சாத்தலாமா, சாத்தினால் நான் என்ன நினைப்பேன் – எல்லாம் அந்தப் பார்வையில் தெரிந்தது.

அவளுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம். நானே எழுந்து வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்து, கதவை இழுத்துச் சாத்தினேன். அப்படியும் குரல் கேட்டது, ஜன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும் தள்ளிப் போய் நின்றேன். ஆணா பெண்ணா, எந்த ஊர், காது எப்படி இருக்கிறது – எதுவும் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். வெயில் உச்சியில் அடித்தது. தெருவில் போகிறவர்கள், இவள் ஏன் இங்கே நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஊசிக்கு மூக்கெல்லாம் சிவந்திருந்தது. தெருவில் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், எதிர்ச் சுவரோரம் என்னைக் கண்டுபிடித்தாள்.

"ஏன்டி வெயில்ல நிக்கற? உள்ள வா" என்றாள்.