கை தவறிய நாள்

தம்பி,

முதல் ரிப்போர்ட்டில் ரத்தப் புற்று என்று வந்தது, இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. "சாமிதான் காப்பாத்துச்சு. இப்பவாவது நம்புக்கா" என்றாய்.

எப்படிச் சொல்வேன்? எங்கள் ஆய்வகத்தில் இன்னொருவருடைய ரத்த ட்யூபில் உன் பெயரை ஒட்டியது நான்தான்டா. இரண்டாவது ரிப்போர்ட்டைப் பார்த்ததும்தான் உறைத்தது. அந்த மனிதரை அன்றே கூப்பிட்டுவிட்டோம், பிழைத்துக்கொள்வார்.

உன்னிடம் சொல்ல ஓடிவந்தால், நீ குடியை விட்டுவிட்டு மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறாய். சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் பதினெட்டு வருஷமாகத் தவறாத கை, உன் பெயரில் மட்டும் ஏன் தவறியது? குழம்பிப்போய்க் கிடக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு மறுபடி பாட்டிலைத் தொட்டுவிடாதே. நன்றி சொல்லப் போகும்போது என்னையும் கூப்பிடு. நீ சாமியைக் கும்பிடு. நான் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் அக்கா